மாலை ஆறு முதல் பத்து வரை

மார்ச் 4, புதன்

மாலை 7.05: பிங் 312. 7.20: 344. 7.40: 290.

இன்றும் ஆன்லைன் ஆட்டத்தில் மூன்று சுற்றிலும் முதலில் செத்தது நான்தான்.

ஐவரில் என் வேலை பின்வாசலைக் காப்பது. தம்பி முன்னால் போவான். பல் டாக்டரும் பேக்கரிக்காரரும் அவனுக்கு இரு பக்கமும். கணக்கு டீச்சர் மாடியில். இரண்டாம் சுற்றில் தம்பி பின்வாசல் வழியாக உள்ளே வருவதைப் பார்த்தேன். அவனுக்கு மறைவு கொடுக்க எழுந்தேன். ஹெட்போனில் அவன் குரல்: "அக்கா, நான் செத்து எவ்வளவு நேரமாச்சு. யாருக்கு நீ காவல் நிக்கிற?" திரையில் அவன் அப்போதும் நடந்து வந்துகொண்டிருந்தான்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான் ஒரு விசையைத் தட்டினால் அது சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்தான் பிங். ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிக் கணக்கு. இருபது என்றால் ஆட்டத்தில் இருக்கிறேன். முந்நூறு என்றால் ஆட்டம் முடிந்த இடத்தில் இருக்கிறேன். (எனக்கே எழுதிக்கொள்ளும் நோட்டிலும் விளக்கம் எழுதுகிறேன். முப்பத்தொரு வருடப் பத்திரிகைப் பழக்கம், ஓய்வு பெற்று ஒரு மாதத்தில் போய்விடுமா?)

லீக் ஏப்ரல் 11 அன்று தொடங்குகிறது. விதி 9: ஓர் ஆட்டத்தில் சராசரி பிங் நூறைத் தாண்டினால் எச்சரிக்கை. இரண்டாம் முறை தாண்டினால் அந்த ஆட்டக்காரர் சீசன் முழுவதும் வெளியே. பெயர்ப் பட்டியலை ஏப்ரல் 8க்குள் கொடுக்க வேண்டும். கேப்டன் தம்பி.

ஐந்து வாரம் இருக்கிறது.


மார்ச் 5, வியாழன்

இது வெறும் விளையாட்டு, இதற்குப் போய் நோட்டு போடுகிறாயா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வேன்? யாரும் கேட்கப் போவதில்லை. வீட்டில் நான் ஒருத்திதான். இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

தம்பி ஒன்பது வருடம் என்னோடு பேசவில்லை. சாயத் தொழிற்சாலையின் கழிவுநீரைப் பற்றி நான் ஐந்து பகுதிகளாக ஒரு தொடர் எழுதினேன். அதில் ஓர் எண்கூடத் தவறு இல்லை. தொழிற்சாலையை மூடினார்கள். அவன் அங்கே ஃபிட்டர். தொடர் வரும் முன் ஒருமுறை போன் செய்து, "ஒரு மாசம் தள்ளிப் போடேன், அதுக்குள்ள வேற எடம் பாத்துக்கிறேன்" என்றான். செய்தி காத்திருக்காது என்றேன். அம்மா இறந்தபோதும் அவன் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் நின்றான்.

இரண்டு வருடம் முன்பு என் முழங்கால் அறுவைக்குப் பிறகு, படுத்திருந்த நாளில், அவன் எண்ணிலிருந்து ஒரு லிங்க் வந்தது. கீழே நான்கு சொல்: "பேச வேணாம். ஆட வர்றியா?"

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஆடினோம். தொழிற்சாலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இடது, வலது, கவனம், பின்னாடி பாரு. அவ்வளவுதான். அதுவே போதுமாக இருந்தது. இந்த வருடம் லீக்கில் சேர்ந்ததால் புதனும் சனியும் மாலை ஏழு மணிக்கு ஆட்டம் என்றாகிவிட்டது. பிப்ரவரி 18, முதல் மாலைப் பயிற்சி. அன்றிலிருந்து இந்த முந்நூறு.

அவன் பக்கத்தில் நிற்க எனக்கு வேறு இடம் கிடையாது.

ஆகவே ஒழுங்காகச் செய்வோம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எண்.


மார்ச் 7, சனி

வைஃபையை விட்டுவிட்டு, பதினைந்து மீட்டர் கேபிள் வாங்கி ரௌட்டரிலிருந்து மேசைக்கு இழுத்தேன். கதவிடுக்கு வழியாக வருகிறது, கதவு மூடவில்லை.

கணினியிலிருந்து ரௌட்டர் வரை: 1. ரௌட்டரிலிருந்து இணையக் கம்பெனியின் முதல் நிலையம் வரை: 287.

ஆக, என் சுவருக்கு உள்ளே சுத்தம். அழுக்கு வெளியே.


மார்ச் 8, ஞாயிறு

காலை 10.00: பிங் 19. ஒரு மணி நேரமும் 19, 20, 19.

நான்கு ஆட்டம், மூன்று வெற்றி. கடைசியில் தம்பி, "பின்வாசல் இன்னைக்குப் பூட்டுப் போட்ட மாதிரி இருந்துச்சு" என்றான். அவன் வாயிலிருந்து இது பெரிய பாராட்டு.

அதே வீடு, அதே கம்பி, அதே கை. மாலையில் மட்டும் ஏன்?


மார்ச் 10, செவ்வாய்

கம்பெனியில் பதிவு செய்தது மாலை 6–8. லைன்மேன் வந்தது காலை 11.15. நாற்பது வயது இருக்கும். தோளில் கம்பிச்சுருள், கையில் சின்ன அளவுக் கருவி. செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார்.

அளந்தார். 18.

"நல்லாத்தானே இருக்கு மேடம்."

"நீங்க வந்தா நல்லா இருக்கு. டாக்டரைப் பாத்ததும் காய்ச்சல் விட்ட மாதிரி."

சிரித்தார். "அப்ப நான் இங்கேயே உக்காந்துக்கவா?"

மாலையில் வாருங்கள் என்றேன். மாலை ஆறு மணிக்குமேல் தனக்கு வேறு பகுதி என்றும், முடிந்தால் வெள்ளிக்கிழமை வருவதாகவும் சொன்னார். முடிந்தால் என்ற சொல்லைக் குறித்துக்கொண்டேன்.


மார்ச் 11, புதன்

340. 355. 310. ஒருமுறை 900.

ஆட்டம் முடிந்ததும் தம்பி எல்லோரையும் இருக்கச் சொன்னான். பல் டாக்டரின் மச்சான் நன்றாக ஆடுவாராம், தேவைப்பட்டால் வருவாராம். "இது மாத்துறதுக்கு இல்லக்கா, ஒரு பாதுகாப்புக்கு" என்றான். பேக்கரிக்காரர், "லைன் சரியாயிடும், நீங்க கவலைப்படாதீங்க" என்றார். பேக்கரிக்காரர் ஆறுதல் சொன்னால் விஷயம் கைமீறிவிட்டது என்று பொருள்.


மார்ச் 13, வெள்ளி

வந்தார். மாலை 6.35. இந்த முறை பழுதை அவரும் கண்ணால் பார்த்தார். 326.

இங்கே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ரௌட்டரின் முன் குந்தி உட்கார்ந்து பச்சை விளக்கையே பார்த்தார். "துடிச்சுக்கிட்டே இருக்கு பாருங்க. வீட்டுலேர்ந்து ஏதோ அப்லோடு ஆகி மேல ஏறிக்கிட்டு இருக்கு மேடம். இறங்குறது நல்லா இருக்கு, ஏறுறதுதான் அடைச்சுக்கிச்சு."

எல்லாவற்றையும் அணைத்துவிட்டேன் என்றேன். போன், டேப்லெட், டிவி, கணினி. ஒவ்வொன்றாகக் காட்டினேன். நான்கு.

"வேற எதுவும் இல்லையா?"

"இல்லை."

"ரௌட்டர் பேஜைத் திறந்தா யார் யார் உள்ள இருக்காங்கன்னு லிஸ்ட் வரும். பாஸ்வேர்டு போட்டீங்கன்னா ஒரு நிமிஷம் பாத்துட்டு…"

முடியாது என்றேன். என் தொழிலில் என்னை நம்பிப் பேசியவர்களின் பெயர்களை நீதிமன்றத்திலேயே சொல்லாதவள். என் ரௌட்டருக்குள் யாரையும் விட மாட்டேன். நேற்றுக் காலையே நான் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டேன், நான்குதான் என்றேன்.

"காலையில பாத்தது காலைக்குத்தானே மேடம்."

எனக்கு இந்த நடை தெரியும். கேள்விக்குப் பதில் இல்லாதவர்கள் கேட்பவரிடமே கேள்வியைத் திருப்பிவிடுவார்கள். பொறியாளர்கள், ஆணையர்கள், தொழிற்சாலை மேலாளர்கள், எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். நோட்டில் எழுதினேன்: "தட்டிக்கழிக்கிறார்."

தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார்.


மார்ச் 14, சனி

298. பேச ஒன்றும் இல்லை.


மார்ச் 16, திங்கள்

தெருமுனைக் கம்பத்தில் கம்பெனியின் பெட்டி இருக்கிறது. அதன் கதவில் 32 என்று அச்சிட்டிருக்கிறது. அத்தனை இணைப்புக்குத்தான் அந்தப் பெட்டி. கீழே நின்று, வெளியே வரும் ஒயர்களை எண்ணினேன். மூன்று முறை. நாற்பத்தொன்று. படம் எடுத்தேன்.

ஒன்பது அதிகம். மாலையில் எல்லோரும் வீடு திரும்பியதும் அடைத்துக்கொள்கிறது. காலையில் காலி. எல்லாம் பொருந்துகிறது.

இரண்டு பேர் சொன்னால்தான் செய்தி. கீழ்வீட்டுத் தையல்காரரைக் கேட்டேன். மெஷினை நிறுத்தாமலேயே, "ஆமாக்கா, சாயங்காலமானா எனக்கும் சுத்திக்கிட்டே நிக்குது, வீடியோ நகரவே மாட்டேங்குது" என்றார். தேதி, நேரம், அவர் சொன்ன சொற்கள், குறித்துக்கொண்டேன்.

பல நாளுக்குப் பிறகு நெஞ்சில் பழைய உற்சாகம். மறைக்க என்ன இருக்கிறது, சந்தோஷமாகவே இருந்தது.


மார்ச் 19, வியாழன்

புகார் போய்விட்டது. கம்பெனிக்கு ஒன்று, மேலே தொலைத்தொடர்பு ஆணையத்துக்கு ஒன்று. பதினான்கு பக்கம். இணைப்பு: பதினாறு நாள் அளவுகள், பெட்டியின் படம், தையல்காரரின் கூற்று. குறித்த நேரத்துக்கு லைன்மேன் வராதது. ஆராயாமல் பழியை வாடிக்கையாளர் வீட்டின்மேல் போட்டது. அனுமதிக்குமேல் ஒன்பது இணைப்பு. இது யாருடைய கை வழியாக நடக்க முடியும் என்ற கேள்வியோடு முடித்தேன்.

படித்துப் பார்த்தேன். வெட்ட ஒரு வரி இல்லை.


மார்ச் 21, சனி

331.

ஆட்டத்துக்குப் பின் தம்பி மட்டும் இருந்தான். புகாரைப் பற்றிச் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொல்லியிருப்பேன்.

"அந்த லைன்மேன் பேரைப் போட்டியா?"

"போடாம? பேர் இல்லாத புகார் குப்பைக்குத்தான் போகும்."

அந்தப் பக்கம் அவன் நாற்காலி நகரும் சத்தம். "சரிக்கா. நாளைக்கு காலைல வா" என்றான். ஞாயிறு, சேர்த்து எழுதுகிறேன்: காலையில் வந்தேன். 19. அவன் அதிகம் பேசவில்லை.


மார்ச் 26, வியாழன்

கம்பெனியிலிருந்து போன். மரியாதையான குரல். "உங்க புகார் மேல நடவடிக்கை எடுத்தாச்சு மேடம். அந்த டெக்னீஷியனை வேலையிலேர்ந்து எடுத்துட்டோம். காண்ட்ராக்ட் ஆள்தான்." நாளை புதியவர் வருவார்.

இவ்வளவு வேகமாக எந்த அலுவலகமும் என் கேள்விக்கு அசைந்ததில்லை.


மார்ச் 27, வெள்ளி

புதியவர் வந்தார். பகலில். 18. கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை.


மார்ச் 28, சனி

295. 318. 340.

ஒயர் நாற்பத்தொன்று அப்படியே இருக்கிறது. ஆள்தான் மாறியிருக்கிறார்.

பல் டாக்டர், "மச்சானை ஒருதடவை ஆடிப் பாக்கச் சொல்லலாமா, சும்மா" என்றார். தம்பி வேண்டாம் என்று சொல்லவில்லை.

இன்னும் பதினோரு நாள்.


மார்ச் 31, செவ்வாய்

மணி ஏழரை. மறக்கறதுக்குள்ள எழுதிடறேன்.

பின் அறை அலமாரியில், அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த பெட்டிகளுக்கு நடுவே ஒரு பழைய நோட்டுப் புத்தகம் தேடப் போனேன். மேல்தட்டில் கை வைத்தேன். சூடு. துணிகளுக்கு அடியில் சூடு. சின்னதா ஒரு இரைச்சல்.

அலுவலக லேப்டாப்.

ஜனவரியில், கடைசி வாரம், கணினிப் பிரிவுக்காரரிடம் நான்தானே கேட்டேன்? முப்பத்தொரு வருட ஒலிப்பதிவு, வீடியோ, எல்லாத்தையும் இணையத்தில் பத்திரமா ஏத்தி வைக்கணும்னு? எந்த நேரத்துக்கு ஓடணும்னு கேட்டார். நான் அப்போ வீட்டுக்கு வரவே பத்து மணி ஆகும். சாயங்காலம் ஆறுலேர்ந்து பத்து வரைக்கும் வீடு காலிதான், அந்த நேரத்துல ஓடட்டும்னு சொன்னேன். நானேதான் சொன்னேன். ஆறுக்குத் தானே முழிச்சுக்கும், பத்துக்குத் தானே தூங்கிடும், திரையை மூடி வெச்சிருந்தாலும் பரவாயில்லைன்னார். கொண்டுவந்து பிளக்ல சொருகி அலமாரில வெச்சேன். துணி போட்டு மூடினேன். மறந்தே போயிட்டேன்.

திறந்தேன். ஏதோ பாலத்துக்கு நடந்த பொது விசாரணை, பதினொரு மணி நேர வீடியோ. பதினைந்து சதவீதம் ஏறி நிற்கிறது. தினமும் பாதியில் அறுந்து, மறுநாள் ஆறு மணிக்கு முதலிலிருந்து மறுபடி.

பிளக்கைப் பிடுங்கினேன். பிடுங்கியும் ஓடியது, பேட்டரி. பட்டனை அழுத்தி நிறுத்தினேன்.

7.12: பிங் 308.
7.14: பிங் 19.

காலையில் பட்டியலைப் பார்த்தேன். காலையில் அது தூங்கிக்கிட்டிருந்தது. காலையில பாத்தது காலைக்குத்தானே மேடம்.

ஐயோ. அந்த மனுஷன் சரியாத்தானே கேட்டார். ஒரு நிமிஷம். ஒரு நிமிஷம்தானே கேட்டார்.


ஏப்ரல் 1, புதன்

18. 19. 19. இரண்டு மணி நேரம் அப்படியே.

எல்லோருக்கும் கொண்டாட்டம். கணக்கு டீச்சர் கைதட்டினார். பேக்கரிக்காரர், "என்ன பண்ணீங்க? யாரை மிரட்டினீங்க?" என்று கேட்டார். தம்பி சிரித்தான், வாய்விட்டு. ஒன்பதும் இரண்டும் பதினோரு வருடமாகக் கேட்காத சிரிப்பு. "பட்டியல் முடிஞ்சுதுப்பா, பழைய ஆளுங்கதான்" என்றான்.

தெரு லைனில் ஏதோ சரிசெய்துவிட்டார்கள் போலிருக்கிறது என்றேன்.

இதை எழுதும்போது எனக்கே கேட்கிறது: போலிருக்கிறது. என் செய்திகளில் அந்தச் சொல்லை யார் எழுதினாலும் அடித்துவிடுவேன்.


ஏப்ரல் 2, வியாழன்

முப்பத்தொரு வருடத்தில் என் பெயரில் மூன்று திருத்தம் வெளியாகியிருக்கிறது. இரண்டாம் பக்கம், கீழ் மூலை. அதற்கு எங்கள் அலுவலகத்தில் ஒரு முறை உண்டு: என்ன தவறு, எது சரி, அவ்வளவுதான். ஏன் தவறினோம் என்று வாதாடக் கூடாது.

கம்பெனிக்குத் திருத்தம் எழுத உட்கார்ந்தேன். முதல் படியில் "அன்று கிடைத்த தகவல்களின்படி" என்று வந்தது. கிழித்தேன். இரண்டாவதில் "அளவுகள் அனைத்தும் சரியானவையே எனினும்". கிழித்தேன். மூன்றாவதில் தையல்காரரை இழுத்திருந்தேன். கீழே போய் அவரிடம் கேட்டேன், உங்களுக்கு இப்போதும் சுற்றுகிறதா என்று. "இது போன் பழசுக்கா, கடைக்காரனே சொல்லிட்டான். அன்னைக்கே சொல்லியிருப்பேன், நீங்க சாயங்காலம் சுத்துதான்னு மட்டும்தானே கேட்டீங்க" என்றார். மெஷினை இப்போதும் நிறுத்தவில்லை.

ஐந்தாவது படி நான்கு வரி. பழுது என் வீட்டில் இருந்த என் கருவியால். லைன்மேன் அதைச் சரியாகக் கண்டு கேட்டார். நான் பார்க்க விடவில்லை. அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அனுப்பினேன்.


ஏப்ரல் 3, வெள்ளி

லைன்மேனின் வீட்டைக் கண்டுபிடித்தேன். முகவரி கண்டுபிடிப்பது எனக்கு வரும்.

மூன்றாவது மாடி. முழங்கால் வலித்தது. மனைவி கதவைத் திறந்தார். என்னைத் தெரியாததால் சிரித்தார். லைன்மேன் உள்ளேயிருந்து வந்து பார்த்ததும், "நீ உள்ள போ" என்று மனைவியிடம் சொன்னார். என்னை உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். அலமாரி, லேப்டாப், ஆறு மணி. கம்பெனிக்கு எழுதியிருப்பதையும்.

முழுவதும் கேட்டார்.

"அந்த ஒன்பது ஒயரு" என்றார். "அதெல்லாம் செத்த ஒயர் மேடம். வீடு காலி பண்ணிட்டுப் போனவங்களோடது. அறுக்குறதுக்குப் பெரிய ஏணி வேணும்னு ரெண்டு தடவை எழுதிக் குடுத்திருக்கேன். என்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"கேட்டிருக்கணும்."

"அன்னைக்கு சாயங்காலம் என் ஏரியாவே இல்ல. வேற ஆள்கிட்ட என் வேலையைக் குடுத்துட்டு வந்தேன். நீங்க அவ்வளவு சொன்னீங்களேன்னு."

கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

படியில் இரண்டு இறங்கியிருப்பேன். பின்னாலிருந்து, "இப்ப எவ்வளவு காட்டுது?" என்றார்.

"பத்தொன்பது."

"அது நல்ல லைன் மேடம். நான் இழுத்தது."

கதவு மூடியது. சத்தமாகக்கூட மூடவில்லை.


ஏப்ரல் 4, சனி

பயிற்சிக்குப் பின் தம்பியை இருக்கச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். புதன்கிழமை நான் சொன்னது பொய் என்பதையும்.

அவன் ஊரில், அவன் அறையில், ஒரு மின்விசிறி ஓடும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. பிங் 19. அவன் பேசாமல் இருப்பது உடனுக்குடன் வந்து சேர்ந்தது.

"அந்த ஆளு என்ன கேட்டாரு உன்கிட்ட?"

"வீட்டுல வேற எதாவது ஓடுதான்னு."

"நீ?"

"இல்லைன்னேன்."

"கேள்வி மட்டும்தான்கா நீ கேக்குற. பதிலை நீ முன்னாடியே எழுதி வச்சிடுற." கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போனவன் மாதிரி சொன்னான். "நீ எழுதினது தப்புன்னு நான் ஒருநாளும் சொன்னதில்ல. ஆத்துல சாயம் ஓடினது எனக்குத் தெரியாதா? நான்தான் அந்த பம்பை ரிப்பேர் பண்ணவன். வந்து கேட்டிருந்தா உனக்கு இன்னும் நாலு விஷயம் சொல்லியிருப்பேன். ஒரு மாசம்னுதான் கேட்டேன். நிறுத்துன்னா சொன்னேன்?"

"இல்லை."

"அந்த மாசமெல்லாம் நான் வேலை கேட்டு எந்த கேட்ல போய் நின்னேன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது. கேட்டதில்லை. பதினோரு வருடம். ஊரில் உள்ள அத்தனை பேரையும் கேட்டிருக்கிறேன்.

இப்போது சொல் என்றேன். கேட்கிறேன் என்றேன்.

"இப்ப வேணாம்கா."

பிறகு, "நான் கொஞ்ச நாள் வரல" என்றான். நான் அதற்கு, என்னை எடுத்துவிடு, நீ ஆடு என்றேன். கெஞ்சினேன் என்றுதான் எழுத வேண்டும். "உன்னை எதுக்கு எடுக்கணும்? இப்பதான் உன் லைன் சரியாயிடுச்சே" என்றான்.


ஏப்ரல் 5, ஞாயிறு

காலை பத்து மணிக்கு உட்கார்ந்தேன். அவன் வரவில்லை. பன்னிரண்டு வரை உட்கார்ந்திருந்தேன்.


ஏப்ரல் 7, செவ்வாய்

கம்பெனியின் பதில். இரண்டு வரி. "தங்கள் இணைப்பு தற்போது திருப்திகரமாக இயங்குவதால் புகார் முடித்துவைக்கப்படுகிறது. தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி."

திருத்தத்தைப் பற்றி எதுவும் இல்லை. போன் செய்தேன். அதே மரியாதையான குரல். "அது காண்ட்ராக்டர் விஷயம் மேடம்." காண்ட்ராக்டருக்குப் போன் செய்தேன். அது கம்பெனி விஷயம் என்றார். தவறு என்று புகார் கொடுத்தால் ஒரு வாரத்தில் ஆளை எடுக்கிறார்கள். தவறு என்னுடையது என்றால் அதை வாங்கிக்கொள்ள ஒரு ஜன்னலும் இல்லை.

ஆணையத்துக்கு மறுபடி எழுதினேன். நேரில் போகிறேன். எத்தனை முறை வேண்டுமானாலும் போகிறேன். ஆனால் நம்பிக்கை இருக்கிறது என்று எழுதினால் அது உண்மையல்ல.


ஏப்ரல் 8, புதன்

பட்டியல் போய்விட்டது. பல் டாக்டர் காட்டினார். என் பெயர் இருக்கிறது. தம்பியின் பெயர் இருந்த இடத்தில் மச்சானின் பெயர்.

"வேலை அதிகமாம், ஷிப்ட் மாறிடுச்சாம், உங்ககிட்ட சொல்லலையா?" என்று கேட்டார் டாக்டர்.

சொன்னான் என்றேன்.


ஏப்ரல் 9, வியாழன்

மதியம் 2.40. தம்பியிடமிருந்து ஒரு வரி.

"அந்த லைன்மேன் நம்பர் அனுப்பு."

அவன் இப்போது லிப்ட் பராமரிக்கும் ஒரு கம்பெனியில் இருக்கிறான். அங்கே ஆள் தேவைப்படுகிறதா, வேறு யாரிடமாவது சொல்லப்போகிறானா, எதற்கு நம்பர் என்று கேட்டு ஒரு செய்தி அடித்தேன். அனுப்பவில்லை. அழித்துவிட்டு நம்பரை மட்டும் அனுப்பினேன்.

"சரி" என்று வந்தது.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு போனை முகம் குப்புற வைத்தேன். பிறகு திருப்பி வைத்தேன்.


ஏப்ரல் 11, சனி

லீக், முதல் ஆட்டம். மாலை 7.00 முதல் 7.52 வரை. சராசரி பிங் 19. எச்சரிக்கை இல்லை. மூன்றுக்கு ஒன்று என்று வென்றோம்.

மச்சான் நன்றாக ஆடுகிறார். தம்பியைவிட வேகம், தம்பியைவிட அவசரம். வாய் ஓயாமல் பேசுகிறார். மூன்றாம் சுற்றில் பின்வாசல் வழியாக இருவர் வந்தார்கள். இருவரையும் நிறுத்தினேன்.

"செம ப்ரோ! பின்னாடி யாரு, நீங்களா? தூள் ப்ரோ!"

கணக்கு டீச்சர், "ப்ரோ இல்லப்பா, அவங்க பெரியவங்க" என்றார். மச்சான் பதறி மன்னிப்புக் கேட்டார். உங்களை எப்படிக் கூப்பிடட்டும் என்றார். எப்படியும் கூப்பிடுங்கள் என்றேன்.

எல்லோரும் போன பிறகும் ஆட்டத்தின் நண்பர் பட்டியலைத் திறந்துவைத்திருந்தேன். தம்பியின் பெயருக்கு எதிரே சாம்பல் நிறப் புள்ளி. கடைசியாக வந்தது ஏழு நாளுக்கு முன்பு என்று காட்டுகிறது.